கார்ப்பெட்டில் காபிக் கறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காபி கொட்டிப் பழுதான கார்ப்பெட்டுகளைப் பார்த்தால், காபி செய்த சேதத்தைவிட அதை எடுக்கப் போய்ச் செய்த சேதம்தான் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். தேய்த்துத் தேய்த்துப் பிரிந்த நூல், அளவில்லாமல் ஊற்றிய தண்ணீர், கண்ணில் பட்ட பவுடரையெல்லாம் கொட்டியதில் வெளுத்துப்போன திட்டு. கீழே உள்ள பதில்களில் எந்தப் பொருள் என்பதோடு எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த நூலுக்குக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

காபி இப்போதுதான் கொட்டியது. முதலில் என்ன செய்வது?

தேய்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்துக் கறையின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரமானதும் மடிப்பை மாற்றி மறுபடி அழுத்துங்கள். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணி இதற்கு மிக நல்லது. டிஷ்யூ நைந்து நூலுக்குள் ஒட்டும். சாயத் துண்டு என்றால் அதன் சாயமும் சேர்ந்து இறங்கும். கை வலித்தால் துணியின் மேல் குதிகாலை வைத்து நில்லுங்கள். உடல் எடை முழுவதும் இறங்கும்போது அடியில் போன காபியும் மேலே வரும்.

எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் கறைதான் அகலமாகும். துணியில் பழுப்பு ஏறுவது நின்ற பிறகுதான் தண்ணீர். விரிப்பைத் தூக்க முடியுமென்றால் அடியில் இன்னொரு மடித்த துணியை வையுங்கள். தரையில் தேங்கிய காபியை அது உறிஞ்சிவிடும்.

தேய்த்தால்தான் என்ன?

கார்ப்பெட் நூல் முறுக்கேற்றிய நூல். ஈரத்தில் தேய்த்தால் முறுக்கு பிரிந்து முனை பஞ்சாகிவிடும். கறை முழுவதும் போனாலும் அந்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, ஒரு நிழல் விழுந்ததுபோல் தெரிந்துகொண்டே இருக்கும். இந்த நிழலைக் கறை என்று நினைத்து மறுபடி தேய்ப்பவர்கள் நிறைய. எந்தத் திரவத்தாலும் அது போகாது.

மற்ற கறைகளைவிடக் காபி ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது?

காபியின் பழுப்பு இரண்டு இடத்திலிருந்து வருகிறது: கொட்டையிலேயே உள்ள டானின் வகைப் பொருள்கள், வறுக்கும்போது உண்டாகும் கரும்பழுப்பு நிறமிகள். காபி லேசான அமிலம், சூடாகவும் கொட்டுகிறது. கம்பளிக்கும் நைலானுக்கும் ஆலையில் சாயம் ஏற்றுவதே அமிலமும் சூடும் கொடுத்துத்தான். அதனால் இந்த இரண்டு நூலிலும் காபி கிட்டத்தட்ட ஒரு சாயமாகவே நடந்துகொள்கிறது.

நம் வீட்டு ஃபில்டர் காபியில் இன்னும் மூன்று சங்கதிகள் உண்டு. சிக்கரி சேர்ந்த தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. வறுத்த சிக்கரி டிகாக்‌ஷனின் நிறத்தை அடர்த்தியாக்கும். பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. சர்க்கரை காய்ந்தால் பிசுபிசுக்கும். ஆக, பால் காபிக் கறை என்பது ஒரே கறை அல்ல: முதலில் பால், சர்க்கரையை எடுக்க சோப்பு நீர், பிறகு நிறத்துக்கு அமிலம், அதற்கும் மிஞ்சினால் நிறத்தை உடைக்கும் பெராக்சைடு. இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

என் கார்ப்பெட் என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பின்பக்க லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லையென்றால் யார் கண்ணிலும் படாத ஓரத்தில் ஒரே ஒரு நூலை வெட்டி எடுத்து, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள்.

முடி கருகும் நாற்றம் வந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, மிச்சம் விரலில் கருப்புப் பொடியாக நொறுங்கினால் கம்பளி. பட்டும் ஏறக்குறைய இப்படித்தான். காகிதம் எரியும் வாசனையோடு நில்லாமல் எரிந்து மெத்தென்ற சாம்பலானால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும், பட்டுபோல் பளபளக்கும் நூல்). உருகிச் சொட்டிக் கடைசியில் கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. சொட்டும் பிளாஸ்டிக் விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், ஜாக்கிரதை.

செயற்கை இழையில் எது என்று பார்க்க, இன்னொரு துண்டு நூலை ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகப் பிழிந்து விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். மிதக்கிறதென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அந்த இழை தண்ணீரையே குடிக்காது, காபி மேலே மட்டும்தான் ஒட்டியிருக்கும். பாலியெஸ்டரும் ஏறத்தாழ அப்படியே. சிரமம் தருபவை நைலானும் கம்பளியும்தான். விஸ்கோஸ் தனி ரகம்; அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யும் முறையை அளவோடு சொல்லுங்கள்.

தேவையானவை: வெள்ளைத் துணிகள் ஐந்தாறு, ஒரு ஸ்பிரே பாட்டில், பாத்திரம் கழுவும் லிக்விட், வெள்ளை வினிகர், டேபிள் ஃபேன்.

முதலில் சாயச் சோதனை. மறைவான ஓரத்தில் கரைசலைக் கொஞ்சம் விட்டு, வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் கார்ப்பெட் வீட்டு வைத்தியத்துக்கு ஏற்றதல்ல.

சோப்புக் கரைசல்: ஒரு கப், அதாவது 250 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் லிக்விட். கால்தான். "இவ்வளவு கொஞ்சமா" என்று ஒரு ஸ்பூன் ஊற்றுபவர்கள் நுரையைக் கழுவுவதற்கே அரை வாளி தண்ணீர் விடவேண்டி வரும். அங்கிருந்துதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பம். முடிந்தவரை நிறமில்லாத லிக்விடாகப் பாருங்கள். கம்பளி என்றால் பாத்திர லிக்விடுக்குப் பதில் ஈஸி போன்ற கம்பளி லிக்விடை அதே அளவில் எடுங்கள்.

கரைசலைக் கறையின் மேல் நேராக ஊற்றாமல், துணியில் நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள், அல்லது நூலின் மேல்பாதி நனையும் அளவுக்கு மட்டும் ஸ்பிரே செய்யுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் அழுத்தி எடுங்கள். நனைப்பது, அழுத்தி எடுப்பது: இந்த ஜோடியைத் துணியில் நிறம் வருவது நிற்கும் வரை செய்யுங்கள். நிறம் வந்துகொண்டிருக்கும்வரை முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு அடுத்ததுக்குத் தாவ வேண்டாம்.

பிறகு வெறும் தண்ணீரை ஸ்பிரே செய்து ஒற்றி, சோப்பை எடுங்கள். அடுத்து வினிகர் கரைசல்: ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். பத்து நிமிடம் விட்டு ஒற்றி எடுத்து, மறுபடி வெறும் தண்ணீர்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் வேலை: உலர்ந்த வெள்ளைத் துணியை ஒரு விரல் கனத்துக்கு மடித்துக் கறை இருந்த இடத்தில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் அளவுக்குக் கனம். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். இரும்புத் தாம்பாளத்தை நேராக வைப்பதும் வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

எந்த வினிகர்?

மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமில்லாத சிந்தெடிக் வினிகர் போதும். பெரும்பாலும் 4 சதவீத அசிட்டிக் அமிலம். பழுப்பு வினிகரும் ஆப்பிள் சிடர் வினிகரும் தாங்களே கறை போடக்கூடியவை. எலுமிச்சைச் சாறு அமிலம்தான் என்றாலும் அதில் சர்க்கரையும் நாரும் உண்டு. வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

ஆப்பச்சோடாவும் வினிகரும் சேர்த்தால் நுரை பொங்குகிறதே, நல்லதுதானே?

கண்ணுக்கு நல்ல விருந்து, கறைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று காரம், ஒன்று அமிலம்; சேர்ந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, கரியமில வாயு பறந்துபோய், மிச்சம் இருப்பது உப்புத் தண்ணீர். கறையைத் தொடவேண்டிய அமிலம் நுரையிலேயே செலவாகிவிடும்.

ஆப்பச்சோடாவுக்கு வேறு உபயோகம் உண்டு: நன்றாகக் காய்ந்த கார்ப்பெட்டில் லேசாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, வேக்குவம் போட்டால் வாடை குறையும். ஈரத்தில் தூவினால் கட்டிதட்டி நூலடியில் உட்கார்ந்துகொள்ளும். உப்பு, டால்கம் பவுடர், டூத்பேஸ்ட் எல்லாம் இதே கதைதான். ஷேவிங் ஃபோம் ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் அது சோப்பு நுரை. கழுவி எடுப்பதுதான் பாடு.

வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் போகாதா?

துணி துவைக்கும் பழக்கத்தில் வரும் எண்ணம் இது. பால் காபியில் வெந்நீர் பட்டால் பால் புரதம் கெட்டிப்பட்டு நூலோடு ஒட்டும்; நைலானிலும் கம்பளியிலும் சூடு நிறத்தை உள்ளே இறக்கும். கை வைத்தால் சூடு தெரியாத அளவு வெதுவெதுப்பே உச்சம். ஸ்டீம் கிளீனரையும் ஹேர் டிரையரையும் கறை முழுவதும் போகும்வரை தள்ளி வையுங்கள்.

காய்ந்து இரண்டு வாரம் ஆன கறை. இனி போகுமா?

பெரும்பாலும் போகும், நேரம் எடுக்கும். முதலில் உலர்ந்த நிலையிலேயே வேக்குவம் போட்டு, கெட்டித்த சர்க்கரையை ஸ்பூனின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு காய்ந்த கறையை ஊறவைத்து இளக்க வேண்டும். மருந்துக்கடை கிளிசரினும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவு கலந்து, துணியால் கறையில் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாள் போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஒற்றி எடுத்துவிட்டு, மேலே சொன்ன சோப்பு, வினிகர் வரிசை. கிளிசரின் தங்கினால் பிசுபிசுக்கும் என்பதால் வெறும் தண்ணீர் ஒற்றலை இரண்டு தடவை கூடுதலாகச் செய்யுங்கள்.

பால் காபி என்றால் இன்னொரு வழி: என்சைம் உள்ள லிக்விட் டிடர்ஜென்ட், 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன். என்சைம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஈரம் காயாமல் மூடி அரை மணி நேரமாவது விடவேண்டும். கம்பளி, பட்டில் இதைத் தொடவே கூடாது. அந்த இரண்டு நூலும் புரதம்தான். பால் புரதத்தை அறுக்கும் என்சைம் நூலையும் அறுக்கும்.

இதற்குப் பிறகும் வெளிர்பழுப்பு நிழல் நின்றால், எஞ்சியிருப்பது நிறமி மட்டுமே. இனி சோப்பால் பயனில்லை, பெராக்சைடுக்குப் போகலாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடை எப்படிப் பயன்படுத்துவது?

மருந்துக்கடையில் கிடைக்கும் பாட்டில் பொதுவாக 6 சதவீதம். லேபிளில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். அதைச் சம அளவு தண்ணீரோடு கலந்தால் 3 சதவீதம்; நமக்கு வேண்டியது அதுதான். வெகுநாள் திறந்து வைத்த பாட்டில் வீரியம் போயிருக்கும். ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் சரக்கு உயிரோடு இருக்கிறது.

மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, காய்ந்த பின்னும் நிறம் மாறவில்லையா என்று பாருங்கள். பெராக்சைடு நிறத்தை உடைக்கும் பொருள். காபி நிறம் எது, கார்ப்பெட் சாயம் எது என்று அதற்குத் தெரியாது. வெளிர் நிறச் செயற்கை இழைகளில் பெரும்பாலும் ஆபத்தில்லை. அடர் நிறத்தில், அதுவும் கம்பளியில், சோதனை தவறினால் திரும்ப வழி கிடையாது.

கறையின் மேல் மட்டும் டிராப்பரால் விட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மங்கியிருந்தால் மறுபடி ஒருமுறை. பக்கத்துக் கார்ப்பெட்டைவிட ஒரு சாயல் அழுத்தமாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். காயும்போது இன்னும் கொஞ்சம் வெளுக்கும். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை ஒற்றுங்கள். கையுறை அவசியம், கண்ணில் படக்கூடாது.

வேனிஷ் போன்ற ஆக்சிஜன் பவுடர் அல்லது வாஷிங் பவுடர் போடலாமா?

ஆக்சிஜன் பவுடர்களில் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் அதே பெராக்சைடைத்தான் விடுகிறது, கூடவே சலவைச் சோடா காரத்தையும். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீனில் நன்றாக வேலை செய்யும்: 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன், குருணை இல்லாமல் கரைத்து, உடனே போட்டு, 20 நிமிடத்தில் ஒற்றி எடுத்து, வினிகர் கரைசலால் காரத்தை முறித்து, தண்ணீர். கரைத்ததை மூடி போட்ட பாட்டிலில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் உப்பும், வெடிக்கவும் கூடும். கம்பளி, பட்டுக்கு இது ஆகாது.

சாதாரண வாஷிங் பவுடரை நாங்கள் சொல்லமாட்டோம். காரம் அதிகம். வெண்மை கூட்டும் பொருள்களும் அதில் உண்டு. அவை க்ரீம், பிஸ்கட் நிறக் கார்ப்பெட்டில் தங்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் தனித் திட்டாகப் பளிச்சிடும். பிளீச்சிங் பவுடரும் குளோரின் பிளீச்சும் வேண்டவே வேண்டாம். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும், நைலானை மஞ்சளாக்கும்.

இரவு சுத்தமாக இருந்தது, காலையில் கறை திரும்ப வந்திருக்கிறது. ஏன்?

இதுதான் அதிகம் வரும் புகார். மேலே கறை போனாலும் அடித்துணியிலும் அதற்குக் கீழே ஃபோமிலும் காபி இருக்கிறது. மேல்முனை முதலில் காயும்; திரி எண்ணெயை இழுப்பதுபோல் நூல் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; ஈரம் ஆவியாகிவிட, அது சுமந்து வந்த பழுப்பு நுனியில் தங்கிவிடும். தண்ணீர் எவ்வளவு அதிகமாக ஊற்றினீர்களோ, காபி அவ்வளவு ஆழம் போயிருக்கும், அவ்வளவும் திரும்ப வரும். கறை வளையமாக, ஓரம் அடர்த்தியாக வந்தால் இந்தக் காரணம்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

மறுபடி சோப்பு போட வேண்டியதில்லை. வினிகர் கரைசலை லேசாக ஸ்பிரே செய்து, மடித்த துணியும் கனமும் வைத்து இரவு முழுக்க விடுங்கள். இப்போது நூல்முனைக்குப் பதில் துணிதான் கடைசியாகக் காயும் இடம். பழுப்பு அங்கே போய்விடும். காலையில் துணியைத் திருப்பிப் பார்த்தால் கறையின் அச்சு அதில் பதிந்திருக்கும். அடுத்தடுத்த இரவுகளில் அச்சு வெளிறிக்கொண்டே வரும். ஒரு முழு டம்ளர் கொட்டியிருந்தால் மூன்று இரவுகூட ஆகலாம்.

வெட் அண்ட் டிரை வேக்குவம் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். சாதாரண வேக்குவத்தால் ஈரத்தை உறிஞ்சாதீர்கள். மோட்டார் போகும், ஷாக்கும் அடிக்கலாம்.

கறை போன இடம் மட்டும் ஒரு மாதத்தில் அழுக்காகிவிட்டது.

கறை திரும்பவில்லை, சோப்பு மிச்சம் இருக்கிறது. விரலை அழுத்தி எடுத்தால் லேசாக ஒட்டும். நடக்கும் ஒவ்வொரு காலடித் தூசியையும் அது பிடித்துவைக்கும். வெறும் தண்ணீர், வினிகர் கரைசல், மறுபடி தண்ணீர் என்று ஒற்றி எடுத்தால் சரியாகும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி ஒற்றலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்; உப்புத் தண்ணீர் காய்ந்தால் நூல் விறைத்து வெள்ளையாகப் பூக்கும்.

காபிக் கறை சாம்பல் கறுப்பாக மாறிவிட்டது. என்ன ஆயிற்று?

இரும்பு சேர்ந்திருக்கிறது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை. பழைய காலத்து எழுது மை தயாரித்ததே இந்த வழியில்தான். செம்மை கலந்த போர்வெல் தண்ணீரில் கழுவினாலோ, இரும்பு நாற்காலிக் கால் ஈரத்தில் நின்றாலோ, கனத்துக்கு வைத்த இரும்புச் சாமான் துருப்பிடித்தாலோ இப்படி ஆகும்.

இந்த நிலையில் பெராக்சைடு போடாதீர்கள். இரும்பு இருக்கும் இடத்தில் அது கட்டுப்பாடில்லாமல் வேகம் எடுத்து நூலையே அரிக்கும். முதலில் சிட்ரிக் ஆசிட், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள்: 250 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், சாயச் சோதனை செய்துவிட்டு, பத்து நிமிடம், ஒற்றி எடுத்து, ஆர்.ஓ. தண்ணீர். இரும்பை அது பிடித்துக்கொண்டு வரும். கருமை பழுப்பாகத் தெளிந்த பிறகு வழக்கமான வரிசைக்குத் திரும்பலாம்.

கையால் செய்த கம்பளிக் கார்ப்பெட், பட்டு, "பாம்பூ சில்க்"?

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்க டிசைன் முடிச்சு முடிச்சாகப் பின்னாலும் தெரிந்தால் கைமுடிச்சுக் கார்ப்பெட். பின்னால் துணி ஒட்டி மூடியிருந்தால் அது டஃப்டட். உத்தரப் பிரதேசத்துப் பதோஹி பக்கத்திலிருந்து வரும் கம்பளி விரிப்புகளில் இந்த வகை நிறைய. டஃப்டட்டில் நூலைப் பிடித்திருப்பது லேடெக்ஸ் பசை. தண்ணீர் ஊறினால் பசை விட்டு, துணி உப்பி, ரப்பர் நாற்றம் வரும். ஒற்றி எடுப்பதோடு, ஈஸி கரைசலும் வினிகர் கரைசலும் ஸ்பிரே அளவில், போதும். கம்பளிக்குக் காரம் ஆகாது என்பதால் ஆப்பச்சோடாவும் வேண்டாம்.

"பாம்பூ சில்க்", "ஆர்ட் சில்க்" என்று விற்பவை பெரும்பாலும் விஸ்கோஸ். வெறும் தண்ணீர் பட்டாலே பளபளப்புப் போய், நூல் விறைத்து, மஞ்சளாகும் வகை இது. உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு, வினிகர் கரைசலில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை தொட்டு எடுத்து, ஃபேன் காற்றில் நூலின் போக்கிலேயே மெல்லிய பிரஷ்ஷால் நீவிவிடுங்கள். அதற்கு மேல் முயன்றால் கறையைவிட நீங்கள் முயன்ற இடம்தான் தெரியும். அசல் பட்டையும் பழைய கைமுடிச்சுக் கார்ப்பெட்டையும் ஒற்றியதோடு நிறுத்தித் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பவானி ஜமக்காளத்தில் கொட்டினால்?

கெட்டியான பருத்தி நெசவு. அடியில் ஃபோம் இல்லை, பசை இல்லை. அதனால் கார்ப்பெட்டுக்குச் சொன்ன பயம் பாதி இங்கே கிடையாது. தூக்கி, கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். காபி வந்த வழியே வெளியேறும். பிறகு சோப்புக் கரைசல். சிவப்பு, பச்சைப் பட்டைகளில் சாயம் இறங்கும் வாய்ப்பு உண்டு என்பதால் ஊறவைக்காதீர்கள். மடித்து ஈரத்தோடு போட்டுவிடாதீர்கள். நிழலில் விரித்துக் காயவிடுங்கள். பட்டு கலந்த வகை என்றால் முந்தைய பதில்.

ஆபீஸ் கார்ப்பெட் டைலில்?

ஆபீஸ் டைல்கள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன். இதில் ஒரு வசதி: கறைபட்ட டைலை மட்டும் பெயர்த்து, பின்பக்கம், தரை இரண்டையும் துடைத்து, தனியாகச் சுத்தம் செய்யலாம். போகாவிட்டால் அலமாரிக்கு அடியில் இருக்கும் டைலோடு இடம் மாற்றுங்கள். பின்னால் இருக்கும் அம்புக்குறியின் திசையைப் பார்த்து வையுங்கள். திசை மாறினால் நிறமே வேறாகத் தெரியும். வெண்டிங் மெஷின் அருகே அடிக்கடி சிந்துகிறது என்றால் அங்கே ரப்பர் மேட் போடுவது எல்லாக் கரைசலையும்விட மலிவு.

காரில் கொட்டிவிட்டது. பால் நாற்றம் போகவில்லை.

கார் கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தம் தடுக்கும் பஞ்சோ ஃபோமோ இருக்கும். பால் அங்கே தங்கிப் புளிக்கும். வெயிலில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். மேலே வாசனைத் திரவியம் அடிப்பதில் பயனில்லை. சீட் தண்டவாளப் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் இடையில் துணி திணித்து உறிஞ்சி எடுங்கள். பிறகு மேலே சொன்ன என்சைம் கரைசல், காபி எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் எட்டும் அளவுக்கு. கார்ப்பெட்டில் கொஞ்சம் தாராளமாக நனைக்கலாம் என்று நாங்கள் சொல்லும் ஒரே இடம் இது, ஏனென்றால் நாற்றத்தின் வேர் கீழே இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து வெட் வேக்குவத்தால் உறிஞ்சி, நான்கு கதவையும் திறந்து வைத்துக் காயவிடுங்கள். சீட்டுக்கு அடியில் வயரும் கனெக்டரும் இருந்தால் அந்தப் பக்கம் ஈரம் போகக்கூடாது.

மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறது.

ஒரு நாளைத் தாண்டி ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கலாம். ஃபேனைத் தரையில் வைத்து, காற்று கார்ப்பெட்டின் மேல் படுக்கைவாட்டில் ஓடும்படி திருப்புங்கள். மேலிருந்து அடிக்கும் சீலிங் ஃபேனைவிட இது நன்றாக உலர்த்தும். ஏ.சி.யில் டிரை மோட் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு அதைப் போடுங்கள். விரிப்பின் ஓரத்தைச் செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் அடியிலும் காற்று போகும். சணல் அடித்துணி உள்ள கார்ப்பெட் மெதுவாகக் காய்ந்தால் சணலின் பழுப்பே மேலே வந்து புதுக் கறைபோல் நிற்கும். அதற்கும் வினிகர் ஸ்பிரேயும் மடித்த துணியும்தான். இங்கே ஆப்பச்சோடா போட்டால் பழுப்பு கூடும்.

எதை எதோடு கலக்கக் கூடாது?

குளோரின் பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு. அம்மோனியா சேர்ந்தால் அதுவும் நச்சு வாயு. வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்தால் கண்ணையும் தோலையும் எரிக்கும் அமிலம் உண்டாகும். ஒன்றைத் தண்ணீரால் ஒற்றி எடுத்த பிறகே அடுத்தது. தவழும் குழந்தையும் நாயும் பூனையும் முழுக்கக் காயும்வரை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்? என்ன கேட்க வேண்டும்?

சாயச் சோதனையில் நிறம் இறங்கினால், பட்டு அல்லது விஸ்கோஸ் என்றால், காபி அரை சதுர அடிக்கு மேல் பரவி அடிவரை போயிருந்தால். வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்: நூல் எது என்று எப்படிப் பார்ப்பீர்கள்? ஓரத்தில் சோதிப்பீர்களா? கடைசியில் அமில ரின்ஸ் உண்டா? போட்ட தண்ணீரை உறிஞ்சும் மெஷின் இருக்கிறதா? எத்தனை மணி நேரத்தில் காயும்? ஷாம்பூ ஊற்றிச் சுழலும் பிரஷ் மெஷினை மட்டும் கொண்டுவருபவரிடம் கம்பளியைக் கொடுக்காதீர்கள். முன்பே என்னென்ன போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். உள்ளே தங்கிய பவுடர் அவர் போடும் மருந்தோடு சேர்ந்து வேறு விளைவைத் தரலாம்.

கறை போனது, ஆனால் அந்த இடம் சுற்றியிருப்பதைவிட வெளிறிவிட்டது.

அது சாயம் போன இடம். இனி எதைப் போட்டாலும் இன்னும் வெளுக்கத்தான் செய்யும். சின்னத் திட்டு என்றால், கட்டில் அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ இருந்து அதே அளவு துண்டை வெட்டி, நூல் போக்கைப் பொருத்தி, அடியில் டேப் வைத்து ஒட்டலாம். சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட்டில் இது நன்றாகவே மறையும். கம்பளியிலும் நைலானிலும் அந்த இடத்துக்கு மட்டும் சாயம் ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. பாலிப்ரொப்பிலீன் சாயம் ஏற்காது. நூல்முனையில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் நிறம் மாறியிருந்தால், கூரான சின்னக் கத்தரியால் அந்த முனைகளை மட்டும் நறுக்கினால் போதும். சுருள் நூல் கார்ப்பெட்டில் இதைச் செய்யாதீர்கள், வளையம் அறுந்து வரிசையாக உருவிக்கொண்டு வரும்.